வேலூரில் மருந்தான வெள்ளைப் பாஷாணம்

ஆம்பூரில் ஆட்டுத் தோல் சுண்ணாம்பு, வெட் புளூ, கிரஸ்ட் எனப் பல படிகள் தாண்டித்தான் ஷூவுக்கு ஏற்றதாகிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுவும் அப்படியே தேறி வருகிறது. எந்தக் கட்டத்தில் எந்த மரபணு வேலை செய்யவேண்டும் என்பதில் ஹார்மோன் ஏற்பிகளுக்குப் பெரிய பங்குண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலத்துக்கும் ஓர் ஏற்பி இருக்கிறது. அமிலம் வந்து சேர்ந்ததும் முதிர்ச்சிக்கான மரபணுக்கள் மீதிருந்த தடை விலகும். இளம் அணு, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவாகும்.

15, 17-ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொண்டால் வந்தது வினை. அந்த ஏற்பி பி.எம்.எல். என்ற வேறொரு புரதத்தோடு பிணைந்துவிடும். பிறகு வழக்கமான அளவு அமிலத்துக்குத் தடை அசையாது. முதிராத அணுக்கள் மஜ்ஜையை நிறைக்கும். இதுவே ஏ.பி.எல். என்ற ரத்தப் புற்றுநோய். ரத்தம் உறைவது கெட்டு, ஈறிலும் கசியும், மூளையிலும் கசியும்.

1985-இல் ஷாங்காயில் வாங் ஜென்யி அதே அமிலத்தையே அதிக அளவில் கொடுத்தார். கெட்ட அணுக்களைக் கொல்லாமல் முதிரவைத்த வைத்தியம் அது. ஹார்பினில் ஜாங் திங்டாங் 1970களிலேயே ஆர்செனிக்கைக் கையிலெடுத்திருந்தார். சித்த வைத்தியம் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் அதே சரக்குதான். அது பி.எம்.எல். பக்கமாகப் பற்றி, கலப்புப் புரதத்தையே அழித்துவிடுகிறது.

மேல்நாடுகளில் அமில மாத்திரையோடு கீமோதெரபியும் கொடுத்தார்கள். அந்தச் செலவு இங்கே பலருக்குக் கட்டுப்படியாகாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் விக்ரம் மாத்யூஸ், மம்மன் சாண்டி குழுவினர் 1998 முதல் 2004 வரை, புதிதாக நோய் கண்ட 72 பேருக்கு ஆர்செனிக்கையே பிரதான மருந்தாக்கினார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் முற்றிலும் அடங்கியது. முடிவுகள் 2006-இல் ‘பிளட்’ இதழில் வெளிவந்தன. வசதியுள்ள நாட்டில், ஆர்செனிக்கே போதுமா என்ற கேள்வியைக் கேட்கும் அவசியமே எழுந்திருக்காது என்பது என் எண்ணம். அமிலமும் ஆர்செனிக்கும் சேர்ந்தால், நோய் தீவிரம் குறைந்தவர்களுக்குக் கீமோ தேவையில்லை என்று இத்தாலி, ஜெர்மனி கூட்டாய்வு காட்டியது 2013-இல்.

இதற்காக யாரும் பாஷாணத்தைத் தேடிப் போகவேண்டாம். இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது, ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். அணுக்கள் மடமடவென முதிரும்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலும் வரலாம்.

மருந்து வேலை செய்யத் தொடங்குமுன் ஏற்படும் ரத்தக் கசிவுதான் இன்றும் இந்நோயில் பெரிய எமன். அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள், நிற்காத ஈறு ரத்தம் என்றால் பல் டாக்டரோடு நிற்காமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுவது நல்லது.