பிஞ்சுக் குலைகளை வெட்டிய இளைஞர்கள்
பரோலோ மதுவில் ஏற்பட்ட மாற்றம்

இத்தாலி நாட்டின் வடமேற்கில் பியட்மாண்ட் மாநிலம் உள்ளது. அங்கே ஆல்பா என்னும் ஊரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் நெபியோலோ என்ற கருந்திராட்சை பயிராகிறது. இதிலிருந்து எடுக்கப்படும் பரோலோ என்ற சிவப்பு மது இன்று உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலைக்குப் போகிறது. ஆனால் 1970-ஆம் ஆண்டு வாக்கில் இதே குன்றுகளில் திராட்சை வைத்திருந்த குடும்பங்களில் பல கையில் காசின்றித் தவித்தன. அறுவடைக் காலத்தில் பழத்தை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். தரகர்கள் பொழுது சாயும் வரை விலை பேசாமல் நிற்பார்கள். பறித்த பழம் காத்திருக்காது என்பது இரு தரப்புக்கும் தெரியும். மாலையில் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு விவசாயி வீடு திரும்புவான். பிள்ளைகளோ டூரின் நகரிலுள்ள ஃபியட் கார்த் தொழிற்சாலைக்கும், ஆல்பாவிலேயே இருந்த ஃபெரேரோ மிட்டாய்த் தொழிற்சாலைக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த நிலையை மாற்ற முனைந்தவர்கள் ஊரிலேயே தங்கிவிட்ட சில இளைஞர்கள். அவர்கள் செய்த மாற்றங்களில் பெரும்பகுதி கொடியிலேயே நடந்தது. ஆகவே மதுவில் நாட்டமில்லாதவர்களும் இதை ஒரு கொடிப் பயிரின் கதையாகப் படிக்கலாம்.

கடினமான இரகம்

நெபியோலோ வளர்ப்பவனைச் சோதிக்கும் இரகம். வசந்தத்தில் மற்றவற்றுக்கு முன்பே துளிர்க்கும்; பழுப்பதோ எல்லாவற்றுக்கும் பின்னால், அக்டோபர் மாதத்தில். அப்போது குன்றுகளில் மூடுபனி இறங்கிவிடும். இத்தாலிய மொழியில் மூடுபனிக்கு ‘நெபியா’ என்று பெயர். இரகத்தின் பெயரே அதிலிருந்துதான் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பழத்தில் புளிப்பும் அதிகம், டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் அதிகம்.

பழைய முறையில் பழத்தை நசுக்கி, சாற்றைத் தோலோடும் விதையோடும் ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம் வரை ஊற விடுவார்கள். பிறகு பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பெரிய மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைப்பார்கள். தாத்தா காலத்துப் பீப்பாய்கள் பல வீடுகளில் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் இருந்தன. நல்ல ஆண்டில், நல்ல கையில், இந்த முறை அருமையான மதுவைத் தந்தது. மற்றபடி பத்து ஆண்டு காத்திருந்தாலும் வாயைச் சுருக்கும் துவர்ப்புத்தான் மிஞ்சியது.

ரம்பம் எடுத்த மகன்

லா மோரா கிராமத்தைச் சேர்ந்த எலியோ அல்தாரே என்பவர் 1976-இல் பிரான்சு நாட்டின் பர்கண்டி பகுதிக்குப் போய் வந்தார். தம் குடும்பத்தைப் போலவே சில ஏக்கர் மட்டும் வைத்திருந்த விவசாயிகள், தங்கள் பெயரிலேயே புட்டியில் அடைத்து விற்று வசதியாக வாழ்வதை அங்கே கண்டார். நிலத்தில் குலையைக் குறைப்பதையும், நிலவறையில் 228 லிட்டர் கொள்ளும் சிறிய ஓக் பீப்பாய்களையும் அங்கேதான் பார்த்தார்.

ஊர் திரும்பிச் சொன்னதைத் தந்தை ஏற்கவில்லை. 1983-இல் அல்தாரே இயந்திர ரம்பத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் போய், குடும்பத்தின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்துத் தள்ளினார். மகனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்த தந்தை, அவருக்குச் சொத்தில் பங்கில்லாமல் செய்துவிட்டார். சமாதானம் ஆகாமலே இறந்தும் போனார். பிறகு அல்தாரே உடன்பிறந்தவர்களிடமிருந்து நிலத்தை விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். பீப்பாயை விற்றிருக்கலாமே, அறுப்பானேன் என்று கேட்கத் தோன்றும். அந்த ரம்பத்தின் வேகத்தில் பல ஆண்டுக் கோபமும் இருந்திருக்க வேண்டும்.

குலை குறைத்தல்

ஊராரை அதிகம் பதற வைத்தது கொடியில் செய்த வேலைதான். கோடையில், காய் பச்சையிலிருந்து நிறம் மாறும் தருவாயில், இளைஞர்கள் கத்தரிக்கோலுடன் தோட்டத்தில் இறங்கி நல்ல குலைகளிலேயே ஒரு பகுதியை வெட்டித் தரையில் போட்டார்கள். பசியை நேரில் கண்ட முதியவர்களுக்கு இது பாவமாகவே பட்டது. எடைக்குக் காசு வாங்கிப் பழகியவர்களுக்கு, கீழே கிடந்த ஒவ்வொரு குலையும் நட்டமாகத் தெரிந்தது.

இதன் கணக்கு எளிது. ஒரு கொடியின் இலைகள் தயாரிக்கும் சர்க்கரைக்கு அளவு உண்டு. குலைகள் அதிகமானால் அது பலவற்றுக்கும் பங்காகிப் போகும். பாதி பழுத்த நிலையிலேயே மழையும் குளிரும் வந்துவிடும். குலைகளைக் குறைத்தால் மிச்சமுள்ளவை முன்னதாகப் பழுக்கும். தோலின் நிறம் கூடும். விதையும் நன்றாக முற்றும். முற்றாத விதையின் துவர்ப்புக் கசப்பாக இருக்கும். முற்றிய பழத்தில் அது தணிந்துவிடும்.

வெட்டும் காலமும் முக்கியம். மிக முன்னதாக வெட்டினால் மிஞ்சிய காய்கள் பருத்து எடையை ஈடு கட்டிவிடும், சாறு நீர்த்துப்போகும். மிகவும் தாமதித்தால் சர்க்கரை ஏற்கெனவே வீணாகியிருக்கும். ஆகவேதான் நிறம் மாறும் சமயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பரோலோவுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச விளைச்சல் ஹெக்டேருக்கு 8 டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 3¼ டன். இளைஞர்களில் பலர் அதைவிடக் குறைவாகவே எடுத்தார்கள்.

நிலவறையில் ஊறும் காலத்தையும் வெட்டினார்கள். தோலிலுள்ள நிறம் முதல் சில நாட்களிலேயே சாற்றில் இறங்கிவிடும். விதையின் துவர்ப்போ சாராயச் சத்து ஏறிய பிறகுதான் அதிகமாகக் கரையும். எனவே சுழலும் தொட்டிகளில் சாற்றையும் தோலையும் கலக்கி, சூட்டைக் கட்டுப்படுத்தி, ஒரு வாரம் பத்து நாளில் தோலைப் பிரித்துவிட்டார்கள். பின்பு சிறு பீப்பாயில் ஊற்றினார்கள். சிறு பீப்பாயில் மரம் படும் பரப்பு அதிகம். துவர்ப்புச் சீக்கிரம் இளகும். புது மரத்தின் வாசனையும் ஏறும்.

கசப்பும் சண்டையும்

1986-இல் இத்தாலியில் மெத்தில் சாராயம் கலந்த மலிவு மதுவைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பியட்மாண்ட் மாநிலத்திலிருந்து போன சரக்கும் அதில் சிக்கியது. இதற்குப் பின் யார் நிலத்தில் விளைந்தது, யார் அடைத்தது என்று கேட்டு வாங்கும் வழக்கம் வலுத்தது. தன் பெயரைப் புட்டியில் ஒட்டத் துணிந்த சிறு விவசாயிக்கு இது சாதகமாயிற்று. அமெரிக்கச் சந்தையும் திறந்தது. இந்தக் கூட்டத்தை ‘பரோலோ பையன்கள்’ என்று அழைத்தார்கள். ஆனால் 1990-இல் தம் முதல் பரோலோவை எடுத்த கியாரா போஸ்கிஸ் என்ற பெண்ணும் அதில் ஒருவர்.

பழைய முறைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2005-இல் காலமான பார்த்தோலோ மஸ்கரெல்லோ, சிறு பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று புட்டியின் சீட்டிலேயே எழுதி ஒட்டினார். அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. புது ஓக்கின் வாசனை மிகுந்தால் எந்த ஊர்த் திராட்சை என்றே தெரியாமல் போகும். சிறு பீப்பாய்களின் விலையும் சிறு குடும்பத்துக்குப் பெரும் சுமை.

காலப்போக்கில் இரு தரப்பும் நெருங்கிவிட்டன. புதியவர்களில் பலர் புது மரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பெரிய பீப்பாய்க்குத் திரும்பியவர்களும் உண்டு. பழையவர்கள் நிலவறையைச் சுத்தமாக்கி, குலை குறைப்பதையும் ஏற்றார்கள். 38 மாதம் வைத்திருந்து, அதில் 18 மாதமாவது மரத்தில் வைத்த பிறகே பரோலோ என்று விற்க வேண்டும் என்ற சட்டம் எல்லோருக்கும் பொது.

இப்போது அடுத்த தலைமுறையின் கையில் தோட்டங்கள் வந்துள்ளன. அல்தாரே தோட்டத்தை அவர் மகள் நடத்துகிறார். இவர்களுடைய தொல்லை வேறு. தட்பவெப்பம் சூடேறிவிட்டதால் நெபியோலோ பழுப்பது இப்போது சிரமமில்லை. சர்க்கரை மிகுந்து சாராயச் சத்து ஏறிவிடுவதே சிரமம். குலைகளை அதிகம் வெட்டினால் இது இன்னும் மோசமாகும். ஆகவே கடும் வெயில் அடிக்கும் ஆண்டுகளில் குலைகளைக் கூடுதலாக விட்டுவைத்து, அவற்றை மூடியிருக்கும் இலைகளையும் கிள்ளாமல் நிழலுக்காக விடுகிறார்கள்.