படகு கடலில், நான் கண்மாயில்

கோட்டைப்பட்டினத்தில் ஒருவன் தூண்டிலும் கையுமாக மேற்கே போனால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். கிழக்கே கடல். துறைமுகத்தில் வரிசையாக விசைப்படகுகள். இறாலும் நண்டும் கணவாயும் கூடை கூடையாக இறங்குகிற ஊர். அந்த ஊரில் குடியிருந்துகொண்டு, இரண்டு விரல் நீளக் கெண்டைக்காக மண்புழு தோண்டுகிறவனை என்னவென்று சொல்வது? டீக்கடையில் எனக்குக் ‘கண்மாய்’ என்றே பெயர். “என்ன கண்மாய், இன்னைக்கு எத்தனை டன்?” என்பார்கள்.

நான் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். படகு கரையில் நிற்கும் நாளெல்லாம் எனக்கு வேலை, கடலுக்குப் போன நாளில் ஓய்வு. அப்படிக் கிடைத்த பகல்களைத் தூங்கிக் கழித்தவன்தான் நானும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்துப் போட்டதில் எங்கள் கரையோரப் படகுகள் பல சேதமாயின, தொழில் நின்றது. அந்த நாட்களில் ஆவுடையார்கோவில் பக்கம் மாமனார் ஊரில் போய்த் தங்கினேன். வீட்டுக்குப் பின்னால் கண்மாய். கடற்கரைக்காரனுக்கு மீன் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிரில், கடலுக்கு வாங்கும் தடித்த நரம்பையும் விரல் நீளத் தூண்டில் முள்ளையும் எடுத்துப்போய்ப் போட்டேன். காலையிலிருந்து மதியம் வரை ஒரு அசைவு இல்லை. பத்தடி தள்ளி மூங்கில் கம்போடு உட்கார்ந்திருந்த பெரியவர் அதற்குள் அரை வாளி நிரப்பிவிட்டார். எழுந்து வந்து என் முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்தார். “தம்பி, சுறா பிடிக்கவா வந்திருக்கீக?”

அந்த ஒரு கேள்வியில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. புதிதாகத் தூண்டில் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் தப்பு இதுதான்: முள் பெரிது, நரம்பு தடிமன். பெரிய மீன் வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைக்கிறது. கெண்டை இனத்துக்குத் தாடையில் பல் கிடையாது, பல்லெல்லாம் தொண்டைக்குள். இரையைக் கடிக்காமல் உதட்டால் உறிஞ்சிப் பார்க்கும். உறுத்தினால் துப்பிவிடும். சுண்டுவிரல் நகத்தளவு முள் என்றால் அதற்கு உறுத்தாது. அதே முள்ளில் ஒரு கிலோ மீனும் நிற்கும், அவசரப்படாமல் இழுத்தால். கடையில் வாங்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: முள்ளின் எண் கூடக் கூட முள் சிறுக்கும். 6 பெரிது, 12 சின்னது. 10 அல்லது 12 கேளுங்கள். நரம்பு கால் மில்லிமீட்டர் போதும்.

போன தை மாதம் என் அக்கா மகள், கல்லூரியில் படிக்கிறவள், “மாமா, எனக்கும் கத்துக்குடுங்க” என்று வந்து நின்றாள். கையில் பளபளவென்று ரீல் வைத்த ராட், ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் மீன்கள். ஆன்லைனில் வாங்கியிருக்கிறாள். அதை வண்டியிலேயே வைத்துவிட்டு, ஒரு மூங்கில் கம்பைக் கொடுத்தேன். முகம் சுருங்கியது. ரீல் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. விராலுக்கு ரப்பர்த் தவளை போடும் பையன்களைப் பார்த்திருக்கிறேன், கை பழகியவர்களுக்கு அது நல்ல ஆட்டம். ஆனால் முதல் நாளில் ரீல் வைத்திருப்பவர் மீனைக் கவனிப்பதில்லை, ரீலில் சிக்கிய நரம்பை அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

மூங்கில் என்றால் கட்டை விரல் தடிமனில் அடி, நுனி போகப் போகச் சிறுத்து வளைகிற கம்பு. பத்தடி நீளம். பச்சையாக வெட்டியதை நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் வெடிக்கும். மீன் துள்ளும்போது அந்த வளைவுதான் நரம்பு அறுந்துபோகாமல் காக்கிறது. இதைக் கண்டு வியந்தவர்கள் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னும் இருந்திருக்கிறார்கள். குறுந்தொகையில் 54ஆம் பாட்டு எழுதிய புலவரின் சொந்தப் பெயர் தெரியாமல் போய், மீனெறி தூண்டிலார் என்ற பெயர்தான் நின்றிருக்கிறது. யானை வளைத்துத் தின்ற மூங்கிலை விட்டதும் அது விசுக்கென்று மேலே நிமிர்வதை, மீனைத் தூக்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டவர் அவர். நிச்சயம் கரையில் உட்கார்ந்து பார்த்த ஆள். வெள்ளைக்காரர்களும் நம் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மதராஸ் சிவில் சர்வீசில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்தியாவின் குளம் குட்டைகளில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887இல் தனியாக ஒரு புத்தகம் வெளியிட்டார்.

நரம்பு கம்பின் நீளத்துக்கு இருக்கட்டும். முள்ளைக் கட்டும் முடிச்சை அக்கா மகளுக்கு மூன்று முறை காட்டினேன். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதை ஒட்டி நிற்கும் சின்னக் கண்ணிக்குள் நுனியை விட்டு, எச்சில் தொட்டு இழுக்க வேண்டும். எச்சில் எதற்கு என்று முகம் சுளித்தாள். காய்ந்த நரம்பை இழுத்து இறுக்கினால் உரசலில் சூடாகி அந்த இடமே நொந்துபோகும். மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் முடிச்சில்தான். இன்ஜினிலும் அப்படித்தான், உரசுகிற இடத்தில் ஈரம் வேண்டும்.

முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயக்குண்டு. அதற்கு மேலே மிதப்பு. நெட்டித் துண்டோ, மயிலிறகுத் தண்டோ, பழைய ரப்பர் செருப்பில் வெட்டியதோ, எதுவானாலும் சரி. ஈயத்தைக் கூட்டிக் குறைத்து, மிதப்பின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைக்க வேண்டும். மிதப்பு பந்து மாதிரி துள்ளிக்கொண்டிருந்தால் மீன் இழுக்கும்போதே பாரம் தெரிந்து விட்டுவிடும்.

இரைக்கு மண்புழு போல ஒன்று கிடையாது. மாட்டுத் தொழுவத்தின் பின்பக்கம் ஈரமண்ணைக் கிளறினால் சிரட்டை நிறைய அள்ளலாம். கெண்டை, ஜிலேபிக்குக் கோதுமை மாவில் கொஞ்சம் கடலைப் புண்ணாக்குத் தூள் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து, மிளகளவு உருட்டி முள் நுனியை மூடுங்கள். அதே புண்ணாக்கையும் தவிட்டையும் கலந்து ஒரு கைப்பிடி தூண்டில் விழும் இடத்தில் தூவினால் மீன் கூடும். ஒரு கைப்பிடிதான். வயிறு நிறைந்த மீன் உங்கள் மாவை எதற்குத் தேடப் போகிறது?

கையை மட்டும் நன்றாகக் கழுவிவிட்டு இரையைத் தொடுங்கள். எனக்கு இது பெரிய தொல்லை. டீசல் நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது, சோப்பு வாசமும் மீனுக்கு ஆகாது. கண்மாய் வண்டலை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக் கழுவுவேன். கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோலெங்கும் ருசி அறியும் மொட்டுகள் உண்டு. நாக்கையே போர்த்திக்கொண்டு நீந்துகிற பிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் உட்காருவது? புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000க்கு மேல் கண்மாய்களும் ஏரிகளும் உண்டு. காவிரித் தண்ணீர்கூடக் கல்லணைக் கால்வாய் வழியாக மும்பாலை ஏரி வரை எட்டிப் பார்க்கிறது. மற்றவை வானம் பார்த்த கண்மாய்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, மார்கழியில் தெளிந்து, பங்குனிக்குள் வற்றிவிடும். கடலில் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகுக்காரர்களுக்கு ஓய்வு கிடைக்கும் அந்தச் சமயத்தில்தான் கண்மாயில் தண்ணீர் இருக்காது. அடிமடையில் மிஞ்சிய சேற்றுத் தண்ணீரில் ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆயிரம் பேர் பாய்வார்கள். தூண்டில்காரனுக்கு அங்கே வேலை இல்லை. நமது பருவம் மார்கழி முதல் மாசி வரை.

தண்ணீர் ஓடிவந்து சேரும் வாய்க்கால் முகம், மடைக்கு அருகே உள்ள ஆழம், அல்லி இலைகள் முடிந்து திறந்த நீர் தொடங்கும் ஓரம், காற்று அலையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும் கரை. இந்த நான்கில் ஒன்று. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் பூச்சியும் தூசும் ஒதுங்கும், மீனும் அங்கே மேயும். வெயில் ஏறுவதற்கு முன்னும் சாய்ந்த பின்னும் உட்காருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. பேசலாம், ஆனால் கரையில் தொம் தொம் என்று நடக்காதீர்கள். கெண்டைக்கும் கெளுத்திக்கும் வயிற்றுக் காற்றுப்பையிலிருந்து உள்காதுவரை சின்ன எலும்புகளின் சங்கிலி ஓடுகிறது. மண் அதிர்ந்தால் அதற்கு முரசு கொட்டின மாதிரி.

மிதப்பு பேசும் பாஷைதான் இந்தக் கலையில் எனக்குப் பிடித்த பகுதி. கெண்டை டக் டக் என்று தட்டும், பிறகு மிதப்பைப் படுக்கவைக்கும். ஜிலேபி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு நகரும். கெளுத்தி மெதுவாக, கடன்காரனை இழுத்துப்போவதுபோல் கீழே இறக்கும். விரால் என்றால் பேச்சே இல்லை, மிதப்பு இருந்த இடத்தில் வட்டம் மட்டும் மிஞ்சும். அக்கா மகள் தட்டல் வந்தவுடனேயே கம்பைத் தூக்கி ஒன்பது முறை வெறும் முள்ளைப் பார்த்தாள். பத்தாவது முறை அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மிதப்பு முழுவதும் முங்கியதும் விட்டேன். மணிக்கட்டால் ஒரு சுண்டு, அவ்வளவுதான். உள்ளங்கை அகல ஜிலேபி. கண்மாய் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

ஜிலேபி நம் ஊர் மீன் இல்லை. பூர்வீகம் ஆப்பிரிக்கா, 1952இல் இந்தியாவுக்குள் விடப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பதால் எதிரிக்கு அகப்படாமல் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் எத்தனை பிடித்தாலும் எனக்கு உறுத்தல் கிடையாது. பனையேறிக் கெண்டை கிடைத்தால் வேறு கதை. செவுளுக்கு மேலே காற்றிலிருந்து மூச்செடுக்க ஓர் உறுப்பு வைத்திருக்கிறது, வாளியைத் தாண்டிக் குதித்துக் கரையில் ஊர்ந்து போகும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் படையில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791இல் அது பனை மரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதி வைத்தார். நான் பார்த்த வரையில் அது மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து இறங்கியிருக்கிறது.

கெளுத்தியைக் கழற்றும்போது கவனம். முதுகில் ஒன்றும் செவுள் பக்கம் இரண்டுமாக மூன்று முட்கள். இரண்டாம் வருஷம் ஒன்றை அலட்சியமாகப் பிடித்து உள்ளங்கையில் வாங்கினேன், தோள்வரை கடுத்தது. தேளி என்றால் இன்னும் மோசம், பெயரே சொல்கிறது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வையுங்கள், விஷம் சூட்டுக்கு அடங்கும். அதற்கும் வலி நிற்கவில்லை, வீங்குகிறது என்றால் ஆஸ்பத்திரி. தூண்டில் முள் உங்கள் விரலில் ஆழமாக ஏறிவிட்டாலும் அதேதான், பின்னுக்கு இழுத்துப் பார்க்காதீர்கள். புதியவர்கள் முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் நிற்கும் குட்டிக் கூரைக் கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் விரலுக்கும் நல்லது. கண்மாய்க்குள் மட்டும் இறங்காதீர்கள். வண்டல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. முள் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிடுங்கள், இரண்டு ரூபாய் சமாச்சாரம்.

இன்னொன்று. கண்மாய் ஊர்ச் சொத்துதான், ஆனால் மீன்பாசி ஏலம் எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டு வளர்த்திருப்பார். ஏலம் போன கண்மாயில் கேட்காமல் தூண்டில் போடுவது அடுத்தவர் கோழிக்கூண்டில் கைவிடுவது மாதிரி. கேட்டால் பெரும்பாலும் “ஒரு குழம்புக்குப் பிடிச்சுக்கங்க” என்பார்கள். அதையும் மீறி நான் தூண்டிலைச் சுருட்டும் நேரம் ஒன்று உண்டு. மழைக்குப் பிறகு கரையோரம் செம்மஞ்சள் நிறத்தில் கொத்தாகக் குஞ்சுகள் மேலும் கீழுமாகக் கொதிப்பதைப் பார்க்கலாம். விரால் குஞ்சு. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும். அந்த நேரத்தில் விரால் பிடிப்பதைப்போல் சுலபம் வேறில்லை. காவல் போனதும் குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் அரை நாளில் முடித்துவிடும். அப்படிப் பிடித்த விராலைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்களோடு நான் டீ குடிப்பதில்லை.

மூங்கில், நரம்பு, நாலு முள், ஈயம், நெட்டி எல்லாம் சேர்த்து எனக்கு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. அறுந்த நரம்புத் துண்டைக் கரையில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், போன வருஷம் ஒரு கொக்கின் காலிலிருந்து அவிழ்த்தேன். மற்றபடி மார்கழியில் கலுங்கு வழிவது நின்றதும் எந்தக் கண்மாய்க்கும் போகலாம். எங்கள் கண்மாய்க்கும் வரலாம். மடைக்குத் தெற்கே நாவல் மரத்தடி மட்டும் ஆள் இருக்கிற இடம்.