கணக்கில் வராத சீனி

படுவான்கரையில் அறுவடை முடிந்தால் எத்தனை மூடை, எவ்வளவு கூலி, உரத்துக்கு என்ன செலவு என்று எல்லாம் கொப்பியில் ஏறிவிடும். உடம்பின் கணக்கை மட்டும் நாம் மனதிலேயே வைத்துக்கொள்கிறோம். மனம் எழுதும் கணக்கோ எப்போதும் நமக்குச் சாதகமாகவே இருக்கும்.

“நாங்கள் வயல் வேலை செய்கிற ஆக்கள், எங்களுக்கு நடை எதற்கு?” என்பார் பலர். ஒரு காலத்தில் அது உண்மை. இன்று உழவுக்கு லாண்ட்மாஸ்டர், அறுவடைக்கு இயந்திரம், கடைக்குப் போக மோட்டார் சைக்கிள். உடலுழைப்பு குறைந்துவிட்டது, சோற்றின் அளவு குறையவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குணமல்ல. “குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், மெலிய முடியவில்லை” என்ற 10 பேரை நியூயோர்க்கில் ஆராய்ந்து, 1992இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் உண்டதில் ஏறத்தாழப் பாதி கணக்கில் வரவில்லை. செய்த உடற்பயிற்சியையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகச் சொல்லியிருந்தார்கள்.

நம் வீட்டுத் தேநீரையே பார்ப்போம். நாளுக்கு 5 தேநீர், ஒவ்வொன்றுக்கும் 2 தேக்கரண்டி சீனி என்றால், மட்டமாக அள்ளினாலும் 40 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலியாண வீட்டுச் சோடாவும் பலகாரமும் இதில் சேரவில்லை.

கிளினிக்குக்கு முதல்நாள் மட்டும் சாப்பாட்டைக் குறைப்பவர்களும் உண்டு. காலையில் வெறுவயிற்றில் எடுக்கும் இரத்தத்தை அப்படி ஏமாற்றலாம். ஆனால் எச்பிஏ1சி பரிசோதனை ஏறத்தாழ 3 மாதச் சராசரியைக் காட்டிவிடும். “சுகமாயிருக்கிறது” என்று பிரஷர் குளிசையைத் தாமாகவே நிறுத்துவதும் இவ்வாறே. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

“பரம்பரை வருத்தம், என்ன செய்ய?” என்பது இன்னொரு சாட்டு. நீரிழிவின் வாசலில் நின்றவர்களைப் பற்றி 2006இல் சென்னையில் இருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. வழமையான ஆலோசனை மட்டும் பெற்றோரில் 3 ஆண்டுகளுக்குள் 100க்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளானார்கள். நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கடைப்பிடித்தோரில் அது 39 பேர்தான்.

எனவே வீட்டுக்கு ஒரு கொப்பி வைப்போம். தேநீர், சீனி, நடந்த நிமிடங்கள், குளிசை ஆகியவற்றை அன்றன்றே எழுதுவோம். வாரத்துக்கு 150 நிமிட வேகநடை போதும். “நாளைக்குத் தொடங்குவோம்” என்றால் அதையும் திகதியிட்டு எழுதுவோம். அதே வரியை எத்தனை நாள் எழுதுகிறோம் என்பதைக் கொப்பியே சொல்லிவிடும்.