பிள்ளைக்காம்பராவில் கேட்கக்கூடிய ஒரு கேள்வி

பதுளை, மொனராகலைத் தோட்டங்களில் பிள்ளை பெற்றவள் காரணமில்லாமல் அழுதால், "பச்ச உடம்பு, காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று நூல் மந்திரித்துக் கட்டுவார்கள். கட்டட்டும், அதனால் கேடொன்றுமில்லை. நூல் கட்டியாயிற்று என்று எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவதுதான் கேடு.

எது சாதாரணம், எது நோய்?

பிரசவமாகி மூன்றாம், நான்காம் நாளில் வரும் அழுகையும் எரிச்சலும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. ஹோர்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் சேர்ந்து செய்கிற வேலை அது. இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். போகாமல் நீண்டு, சோறு இறங்காமல், பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமல், "நான் இருந்து என்ன" என்ற நினைப்பும் வந்தால் அது மனச்சோர்வு நோய். வளர்ந்துவரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதமானோருக்கும், பிரசவித்தவர்களில் 19.8 சதவீதமானோருக்கும் மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது, அதில் பெரும்பகுதி மனச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே இது தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஆயிரம் பிரசவத்துக்கு ஒருவர், இருவருக்கு வேறொன்று வரும். இல்லாத குரல் கேட்கும், பிள்ளையையே சந்தேகப்படுவாள், நாள்கணக்கில் தூங்கமாட்டாள். அது அவசர நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ராவல்பிண்டியில் செய்து காட்டியது

மனநல மருத்துவர் பதுளை டவுனில் இருக்கலாம். மடுல்சீமை மேல்கணக்கிலிருந்து கைப்பிள்ளையோடு பஸ் ஏறி அங்கே யார் போவார்?

பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களிலும் இதே நிலைதான். அங்கே பேராசிரியர் அதிஃப் ரஹ்மான் குழுவினர், வீடு வீடாகப் போகும் அரச சுகாதார ஊழியப் பெண்களுக்கு, தாய்மாரின் மனச்சோர்வைப் பேச்சால் குறைக்கக் குறுகிய பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மருத்துவர்களோ தாதிகளோ அல்லர், அதே ஊர்ப் பெண்கள். மனச்சோர்வு கண்டிருந்த 903 கர்ப்பிணிகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2008இல் வெளியானது. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இவர்களின் உதவி கிடைத்த தாய்மாரில் 23 சதவீதத்தினருக்கே நோய் நீடித்தது. கிடைக்காதவர்களில் 53 சதவீதம். 2015இல் உலக சுகாதார நிறுவனம் அந்த முறையைக் கைநூலாகவே வெளியிட்டது.

அதன் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. மனநோய் என்ற பேச்சையே அது வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. பிள்ளை நன்றாக வளர என்ன செய்யலாம் என்று பேசப் போனார்கள். மாமியார் எப்படி வேண்டாமென்பார்?

நம் தோட்டத்தில் யார்?

குடும்பநல மாது இருக்கிறார். எடின்பரோ வினாக்கொத்து எனப்படும் பத்துக் கேள்விகளை வைத்து, கடந்த ஏழு நாளில் மனம் எப்படி இருந்தது என்று அவரால் கேட்டறிய முடியும். ஆனால் தோட்டத்துக்கு வரும் மாது பல இடங்களில் சிங்களம் மட்டுமே பேசுபவர். மனசுக்குள் கிடப்பதைப் பக்கத்து லயத்துப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துச் சொல்ல முடியுமா?

ஆகவே நான் காட்டும் ஆள், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் ஆயா. சட்டப்படி 84 நாள் பிரசவ விடுமுறை. அது முடிந்ததும் கொழுந்து மலைக்கோ, மொனராகலைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கோ போக வேண்டும். மாது வீட்டுக்கு வருவது குறைந்துபோகும் அந்த நாளில்தான் காம்பரா தொடங்குகிறது. காலையில் பிள்ளையை விடும்போதும், இடையில் பால் கொடுக்க வரும்போதும், மாலையில் தூக்கிப் போகும்போதும் தாயின் முகத்தைப் பார்ப்பவர் ஆயாதான். தமிழிலேயே பேசுபவர்.

பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுப்பது?

முதலில், புத்திமதியை அடக்குவது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயிடம் ஆயா கேட்பதாக வைத்துக்கொள்வோம்: "என்னா புள்ள, கொழந்த தூங்குறப்பவாவது ஒனக்கு தூக்கம் வருதா?"

"வரல்ல அக்கா. நான் நல்ல தாயி இல்ல."

"அப்புடி எல்லாம் பேசாத, சாமி குடுத்த புள்ள" என்று வாயை அடைப்பதுதான் நம் வழக்கம். பயிற்சி பெற்றவர், "எப்ப இருந்து அப்புடி தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். பிறகுதான் அந்த நினைப்பைச் சேர்ந்து பிரித்துப் பார்ப்பது, பதிலுக்கு வேறொரு நினைப்பை வைப்பது, வீட்டில் யார் அரை மணிநேரம் பிள்ளையைப் பிடிப்பார் என்று தீர்மானிப்பது எல்லாம். புருஷனையும் மாமியாரையும் சேர்க்காமல் ஒற்றை அறை லயத்தில் எதுவும் நடவாது. குடித்துவிட்டு அடிக்கும் புருஷனென்றால் விஷயமே வேறு. அதற்கு மாதையும் அதிகாரிகளையும் நாட வேண்டும்.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமென்றால் அவளைத் தனியே விடக்கூடாது. மாதுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் உடனே சொல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருப்பதையும் ஆயா தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் வீட்டில் முதலில் எழும் தடை அதுதான்.

சான்றிதழோடு முடியாது

பயிற்சி கொடுத்து, படம் பிடித்து, சான்றிதழும் கொடுத்துப் போய்விட்டால் மூன்றாம் மாதமே எல்லாம் மறந்துபோகும். ராவல்பிண்டியில் ஊழியர்கள் மாதந்தோறும் கூடி, தமக்குக் கடினமாயிருந்த தாய்மாரைப் பற்றிப் பேசி வழி கேட்டார்கள். அடுத்தவர் துயரத்தை நாள்தோறும் கேட்பவருக்கும் பாரம் இறக்க ஓர் இடம் வேண்டும். பதுளையிலோ மொனராகலையிலோ மாதத்துக்கு அரை நாள் அப்படியொரு கூட்டம் வைக்கலாம். அந்த அரை நாளுக்கு ஆயாவின் சம்பளத்தைத் தோட்ட நிர்வாகம் வெட்டாமல் இருக்க வேண்டும்.