குட்டியின் பல்லும் வீட்டாரின் பொறுமையும்

பிள்ளைக்கு முதற்பல் முளைத்துவிட்டால் நம் வீடுகளில் அது ஒரு திருநாள். அரிசி மாவிற் கொழுக்கட்டை பிடித்து, தேங்காய்ச் சொட்டுகளைப் பற்கள் போல அதிற் பதித்து அவித்து, வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையை இருத்தி, தலைமேற் கொட்டி மகிழ்கிறோம். உற்றாரும் அயலாரும் கூடுகின்றனர். முரசு வீங்கிப் பிள்ளை சிணுங்கினாலும், கையிற் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக் கடித்தாலும், "பல்லு முளைக்குது, பாவம்" என்று தாய் அதனை அணைத்துக்கொள்கிறாள். அதே வீட்டு விறாந்தையில் நிற்கும் நாய்க்குட்டிக்கும் பல் முளைக்கிறது. பின்னர் அப்பல் விழுந்து வேறு பல்லும் முளைக்கிறது. அதற்குக் கொழுக்கட்டை வேண்டாம். தும்புத்தடி அடி கிடையாதிருந்தாற் போதும்.

கொழும்பு மாநகரிற் புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பெயர்போன இடம். ஆயினும் அம்மன்றங்களின் படியேறாத வழக்கொன்று அப்பகுதியின் ஒழுங்கைகளிலும், வாழைத்தோட்டத்து நெருக்கமான வீடுகளிலும், கொட்டாஞ்சேனையிலும், வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் அடிக்கடி நடைபெறுகின்றது. எதிரி, நான்கு மாதத்து நாய்க்குட்டி. சப்பாத்தைக் கடித்தது, கதிரைக் காலை அரித்தது, பிள்ளையின் கொப்பியைக் கிழித்தது, விருந்தாளியின் கணுக்காலைப் பற்றியது என்பன குற்றச்சாட்டுகள். சான்றுகள் வலுவானவை, எதிரியோ வாய்பேசாதது. சில வீடுகளில் தீர்ப்பு நாடுகடத்தலாகவே முடிகின்றது. மாலைப் பொழுதிற் சாக்கில் வைத்துக் கட்டி, சந்தைப் புறத்திலோ கோயில் வீதியிலோ விட்டுவிட்டு வருகின்றனர். எதிரி தரப்பு நியாயத்தை ஒருமுறை கேட்டிருந்தால் தீர்ப்பு வேறாயிருக்கும்.

அந்த நியாயம் அதன் வாய்க்குள்ளேதான் இருக்கிறது. நாய்க்குட்டி பல்லின்றியே பிறக்கிறது. மூன்றாவது, நான்காவது வாரத்திற் பாற்பற்கள் முரசைத் துளைத்து வெளிவரத் தொடங்கி, இரண்டு மாதம் நிறைவதற்குள் 28 பற்களும் வந்துவிடுகின்றன. ஊசிமுனை போன்ற கூர்மை அவற்றுக்கு உண்டு. மூன்று மாதம் கடந்ததும் அவை ஒவ்வொன்றாக ஆடத் தொடங்குகின்றன. முதலில் முன்பற்களும், பின்னர்க் கோரைப் பற்களும் கன்னப் பற்களும் விழுந்து, ஆறேழு மாதமாகும்போது 42 நிலைத்த பற்கள் நிறைந்துவிடுகின்றன. மனிதப் பிள்ளைக்கு ஆறு வயது முதற் பல ஆண்டுகள் நீளும் மாற்றம், குட்டியின் வாயில் நான்கே மாதத்தில் நடந்து முடிகிறது. அந்த வேகத்தின் வேதனையையும் அது நான்கு மாதத்துள் அனுபவித்தாக வேண்டும் அன்றோ?

உள்ளிருந்து புதுப்பல் எழும்பும்போது பாற்பல்லின் வேர் கரைகின்றது; முரசு சிவந்து நமைக்கின்றது. எதையேனும் அழுத்திக் கடித்தால் அந்நமைச்சல் சற்றே தணிகின்றது. கடிக்கும் பொருள் பனங்கட்டியின் விலையா, புதுச் சப்பாத்தின் விலையா என்று குட்டி அறியாது. கடித்த துணியிற் சிறிது இரத்தக் கறை காணப்படலாம். நிலத்தில் ஓர் அரிசிமணி போலப் பல் கிடக்கலாம். பெரும்பாலும் அதுவும் கிடைப்பதில்லை, உணவோடு விழுங்கிவிடும். இவற்றுக்காக அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், ஒரு நாளுக்கு மேல் உணவை மறுத்தாலோ, இரத்தம் நில்லாது வடிந்தாலோ, வாயில் துர்நாற்றம் மிகுந்தாலோ மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடிய முதற் பணி, கடிக்கத் தகுந்ததைக் கொடுப்பதாகும். பழைய துவாயொன்றை நனைத்து, முடிச்சிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அக்குளிர்ச்சி முரசுக்கு இதமளிக்கும். நூல் பிரிந்து விழுங்காதவாறு அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த கரட் துண்டும் நன்று. கடையில் விற்கும் இறப்பர்ப் பொருள்களுள் நகத்தால் அழுத்தினாற் சிறிது பதிவதையே தேர்தல் வேண்டும். அவ்வளவு கடினமான பொருளைக் கடித்தால் இளம்பல் உடையும். அதனாலேயே எலும்பும் பனிக்கட்டியும் கூடா. சமைத்த எலும்பு சிராய் சிராயாகப் பிளந்து குடலையும் கிழிக்கவல்லது. பொச்சு மட்டையைப் போட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்ப்போரும் உண்டு. விழுங்கிய தும்பு வயிற்றிற் சிக்கிக்கொள்ளுமாதலின் அதுவும் பாதுகாப்பன்று. பழஞ்செருப்பைக் கொடுத்துப் பழக்கினால், புதுச் செருப்பையும் தனக்குரியதென்றே குட்டி கருதும். மின்கம்பிகளை எட்டாத இடத்திற்கு உயர்த்திவிடுதல் இன்றியமையாதது.

நமக்கு வலித்தால் விழுங்கும் மாத்திரையைக் குட்டிக்குக் கொடுப்பது பெருந்தவறு. பரசிற்றமோலும் இபுபுறோபனும் நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. மனிதரின் பற்பசையும் அதற்கு ஆகாது. சிலவற்றிற் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு. இம்மாதங்களில் முரசைத் தேய்த்து நோவுறச் செய்யாமல், விரலில் மெல்லிய ஈரத்துணியைச் சுற்றி நாள்தோறும் சில கணங்கள் உதட்டை உயர்த்திப் பற்களைத் தொட்டுப் பழக்கினாற் போதும். வாயைத் தொடவிடும் குட்டியே, வளர்ந்தபின் நாய்க்குரிய பற்பசையால் துலக்க இடங்கொடுக்கும்.

அப்படித் தொட்டுப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாற்பல் விழாமலே அதனருகிற் புதுப்பல் வந்து, ஓரிடத்தில் இரு கோரைப் பற்கள் நிற்பதுண்டு. பொமரேனியன் போன்ற சிற்றின நாய்களில் இது மிகுதி. இடையில் உணவு தங்கிப் பற்கள் கெடும். புதுப்பல்லும் வழிதவறி வளரும். மிருக வைத்தியரே அதனைப் பிடுங்கிவிட வேண்டும். மேலும், புதுப்பற்கள் முரசினுள்ளே உருவாகும் காலத்தில் 'டிஸ்டெம்பர்' என்னும் நோய் கண்டால், உயிர் தப்பிய குட்டிக்கும் பல்லின் எனாமல் குழிவிழுந்து சிதைந்து வெளிவரும். அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. பல்லைக் காப்பதும் அவ்வூசியின் பயன்களுள் ஒன்று.

இனிக் கையைக் கடிக்கும் வழக்கத்துக்கு வருவோம். தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் எட்டு வாரம் வரையேனும் வளர்ந்த குட்டி, கடியின் அளவை அங்கேயே கற்றுக்கொள்கிறது. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், அதுவே பாடம். நாமும் அவ்வாறே செய்யலாம். கடித்த கணமே விளையாட்டை நிறுத்தி, பேசாமல் எழுந்து சென்று, சற்று நேரங்கழித்துக் கடிக்கத் தகுந்த பொருளோடு திரும்பி வரவேண்டும். மூக்கில் அடித்தால் நோகும் வாய் மேலும் நோகும். கையென்றால் அடியென்று அது கற்றுக்கொள்ளும். வீட்டு வாசலில் எவர் கைநீட்டினாலும் சீறும் நாய்களிற் சில, குட்டிப் பருவத்தில் இப்பாடம் படித்தவையே.

இவ்வளவும் குட்டியின் தரப்பு. வீட்டாரின் தரப்பிலும் ஒரு நியாயமுண்டு; அது உயிர் பற்றியது. "குட்டிதானே, பாற்பல்தானே" என்று பல்லுப்பட்ட காயத்தை அலட்சியம் செய்வோர் பலர். நீர்வெறுப்பு நோய் வயதுபார்த்து வருவதன்று. நோயுற்ற குட்டியின் உமிழ்நீரிலும் அக்கிருமி உண்டு. சிறு கீறலும் அதற்கு வாயிலாகும். நோயின் குறிகள் மனிதரிடம் தோன்றிவிட்டால் மீட்சி இல்லையென்றே கூறவேண்டும். அதற்குமுன் மருத்துவம் தொடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. 1885ஆம் ஆண்டு யூலை 6ஆந் தேதி ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் ஊசி ஏற்றத் தொடங்கிய நாள்முதல் உலகம் அறிந்த உண்மை இது. பல்லோ நகமோ தோலைக் கீறிவிட்டால், ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ பூசாமல், உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஊசி தேவையா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். அங்கே அது இலவசம்.

இந்நாட்டில் இந்நோய்க்கெதிரான கட்டளைச் சட்டம் 1893லேயே பிறந்தது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901ல் வந்தது. ஆயினும் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். பின்னர் நாய்களுக்கு ஊசியேற்றும் பணி நாடெங்கும் பரவியதனால் அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாகச் சுருங்கியது. தெருநாய்களைக் கொன்று குவிக்கும் முறை 2006ல் நிறுத்தப்பட்டபின், ஊசியும் கருத்தடையுமே நம்பிக்கைக்குரிய வழிகளாயின. எஞ்சியுள்ள மரணங்களைத் துடைப்பது, ஊசி பெறாத நாய் தெருவில் இல்லாமற் செய்வதையே பொறுத்திருக்கிறது.

சாக்கிற் கட்டி விடப்பட்ட குட்டியை இங்கேதான் நினைத்துப் பார்க்க வேண்டும். பாற்பல் விழும் மாதங்களே அதற்கு விசர்நோய்த் தடுப்பூசி முறைதவறாமல் கிடைக்க வேண்டிய மாதங்களுமாகும். வீட்டில் இருந்தால் யாரேனும் நாளைக் குறித்துவைத்து அதனைத் தூக்கிச் செல்வர். தெருவில் விட்டால் அதன் கணக்கை எவர் வைத்திருப்பார்? நம் கதிரைக் காலைக் காப்பாற்றிக்கொண்டு, அதே பற்களை ஊசியின்றி ஊரார் பிள்ளைகளின் கால்களுக்கு அனுப்பிவிடுகிறோம். தொல்லை வாசலைக் கடந்ததேயன்றித் தொலையவில்லை.

நான்கு மாதம் நீண்ட காலமன்று. ஒரு நனைந்த துவாய், எட்டாத உயரத்தில் ஒரு சப்பாத்துத் தட்டு, நாட்காட்டியில் ஊசிக்காகக் குறித்த ஒரு தேதி, கொஞ்சம் பொறுமை: குட்டி நம்மிடம் கேட்பது இவ்வளவே. ஏழாம் மாதம் வாய் நிறையப் புதுப்பற்களோடு அது வாசலிற் படுத்திருக்கும். கதிரைக் கால்களை அது திரும்பியும் பாராது.