கண்ணுக்குள் புகுந்த இரும்பு

உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது சில சமயம் இரும்புத் துணுக்கு தெறிக்கும். எடை சில மில்லிகிராமே. ஆயினும் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது விழிக்கோளத்தைத் துளைத்து உட்புகுந்துவிடும். காயம் சிறியது, வலியும் குறைவாயிருக்கலாம். தூசிதானே என்று வாளாவிருந்தால், இரும்பு மெல்லக் கரைந்து விழித்திரையைக் கெடுக்கும். கிருமி சேர்ந்தால் ஓரிரு நாளில் பார்வையே போகலாம்.

என்ன செய்வது? கசக்காதீர்கள், கழுவாதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். கண்ணில் அழுந்தாதபடி காகிதக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து ஒட்டி, உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். எக்ஸ்ரே, சி.டி. படங்கள் துணுக்கைக் காட்டும். எம்.ஆர்.ஐ. கூடாது, அதன் காந்தப்புலம் துணுக்கை நகர்த்திக் கண்ணைச் சிதைக்கக்கூடும்.

காந்தம் காப்பதும் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் ஹிர்ஷ்பெர்க் 1879இல் மின்காந்தத்தால் கண்ணிலிருந்து இரும்பை எடுத்தார். எனினும், வேலைக்குமுன் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியே சிறந்த மருத்துவம்.