பிரேக் குழாயில் காற்று புகுந்தால் ஆபத்து!
"நாலு மிதி மிதித்தால் பிடிக்குதே" என்று ஏமாறாதீர்கள்

"மிதி... மிதி... இன்னொரு மிதி... அப்படியே பிடி!"

"பிடிச்சிட்டேன் அண்ணே!"

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் மெக்கானிக் ஷெட் பக்கம் போகிறவர்கள் காதில் விழும் குரல் இது. சக்கரத்தின் பக்கத்தில் குனிந்திருப்பவர் மெக்கானிக். சீட்டில் உட்கார்ந்து மிதிப்பது அவரிடம் வேலை பார்க்கும் பையன். இருவரும் பிரேக்கில் "ஏர் எடுக்கிறார்கள்"!

காற்று செய்யும் கெடுதல்

பஸ்சும் லாரியும் நிற்கும்போது "புஸ்" என்று சத்தம் வருகிறதே, அது ஏர் பிரேக். அங்கே பிரேக் பிடிப்பதே காற்றுதான்.

கார், ஆட்டோ கதை வேறு. இங்கே வேலை செய்வது பிரேக் ஆயில். பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் அமுங்காது. அதனால் காலின் அழுத்தம் அப்படியே சக்கரங்களுக்குப் போய் பிரேக்கை இறுக்குகிறது.

காற்று அப்படியல்ல, அமுங்கும்! குழாயில் குமிழி இருந்தால், மிதிக்கிற பலம் குமிழியை நசுக்கவே சரியாகிவிடும். பெடல் பஞ்சு மாதிரி "பொதக்" என்று இறங்கும்.

பம்ப் பண்ணினால் போதுமா?

இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்தால் பெடல் மேலே வந்துவிடும். "பிடிக்குதே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பலர் வண்டியை எடுக்கிறார்கள். ஆபத்தே இங்குதான்!

60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் நாலு மிதி மிதிக்க நேரம் ஏது?

எப்படிப் புகுகிறது?

ஆயில் டப்பா காலியானால் காற்று உள்ளே போகும். ரிப்பேருக்காகக் குழாயைக் கழற்றி மாட்டினாலும் போகும். ரப்பர் தேய்ந்து கசிந்தாலும் போகும்.

பழைய ஆயிலும் வில்லன்தான். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது "டாட்-3" ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில் இறங்கும்போது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி ஆயில் ஆவியாகும். ஆவிக் குமிழியும் காற்று மாதிரியே காலை வாரிவிடும். இறக்கத்தில் சின்ன கியர் போடச் சொல்வது இதற்காகத்தான்.

ஏர் எடுப்பது எப்படி?

ஆயில் டப்பாவை நிரப்ப வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால், பெரும்பாலும் பின்பக்க இடது சக்கரம்தான் முதலில் வரும். சில வண்டிகளுக்கு வரிசை மாறும். கம்பெனி புத்தகத்தைப் பார்ப்பது நல்லது.

நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறப்பார். ஆயிலோடு குமிழி வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் வெளிக்காற்றை உறிஞ்சி, செய்த வேலை வீணாகிவிடும்!

குமிழி நிற்கும்வரை இப்படியே செய்து, மற்ற சக்கரங்களுக்குப் போக வேண்டும். நடுவில் டப்பாவில் ஆயில் குறையவே கூடாது.

இதைச் செய்யாதீர்கள்

வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உப்பி பிரேக்கே போய்விடும். பிரேக் ஆயில் பெயிண்டை அரிக்கும்; சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகள் சிலவற்றுக்குத் தனிக் கருவி தேவை. ஒர்க்‌ஷாப்பில் விடுவதே மேல்.

காலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெதுவாக இறங்குகிறதா? அது கசிவாக இருக்கலாம். ஏர் எடுத்தால் மட்டும் தீராது.

வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு மிதித்துப் பாருங்கள். முதல் மிதியிலேயே பெடல் கெட்டியாக நிற்க வேண்டும். அதன் பிறகும் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். இரண்டாவது மிதி கேட்கிற வண்டியை வீட்டை விட்டே எடுக்காதீர்கள். மெக்கானிக்கை அங்கேயே வரச் சொல்லுங்கள்!